சுவிஸ் இலக்கியம் என்று ஒன்று உண்டா?

கேள்வி இதுதான்: சுவிட்சர்லாந்துக்கு ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலி, ரொமான்ஷ் என்று நான்கு தேசிய மொழிகள். அப்படியிருக்க "சுவிஸ் இலக்கியம்" என்று ஒன்றைச் சொல்ல முடியுமா, அல்லது பக்கத்து நாட்டு இலக்கியங்களிலிருந்து ஆளுக்கொரு துண்டு வெட்டி ஒட்டிய பெயரா? அது எப்படி வளர்ந்தது, எங்கே தொடங்கிப் படிக்கலாம்?

ஒரு நாடகக் காட்சியைச் சொல்லித் தொடங்குகிறேன். 1949இல் பாஸல் நகரில் ஃப்ரீட்ரிஷ் டூரன்மாட்டின் 'மாமன்னர் ரோமுலஸ்' மேடையேறியது. ரோமப் பேரரசின் கடைசி மன்னன் காலையில் வந்து உட்கார்ந்து சாப்பாடு கேட்கிறான். காலை உணவுக்கு ஜெர்மனியில் 'ஃப்ரூஷ்டுக்' என்பார்கள். சுவிட்சர்லாந்தில் 'மோர்கனெஸ்ஸன்', அதாவது காலைச் சாப்பாடு. டூரன்மாட் ஊர்ச் சொல்லைப் போட்டிருந்தார். இது நல்ல ஜெர்மன் இல்லையே என்று அவரிடம் சொன்னார்கள். அவர் சொல்லை விட்டுவிட்டுக் காட்சியைத் திருத்தினார். வேலையாள் 'ஃப்ரூஷ்டுக்' என்கிறான். மன்னன் 'மோர்கனெஸ்ஸன்' என்று திருத்துகிறான். என் வீட்டில் எது செவ்வியல் லத்தீன் என்பதை நான்தான் முடிவு செய்வேன் என்கிறான்.

என்னைக் கேட்டால் சுவிஸ் இலக்கியத்தின் கதை பெரும்பாலும் இந்தச் சண்டைதான். நாம் எழுதும் மொழிக்கு 'உரிமைக்காரர்' வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். எது சரி, எது பிழை என்று அவர் சொல்கிறார். அதை என்ன செய்வது? ஜெர்மனில் எழுதுபவருக்கு முன்பு லைப்சிக், பிறகு பெர்லின். பிரெஞ்சில் எழுதுபவருக்குப் பாரிஸ். இத்தாலியில் எழுதுபவருக்கு மிலான். நான்கு பேர் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்து ஆளுக்கொரு திசையில் பார்ப்பது போலத்தான் இந்த நாட்டின் எழுத்தாளர்கள் வெகுகாலம் இருந்தார்கள். ஒருவர் முகத்தை மற்றவர் பார்த்தது குறைவு. சுவிஸ்காரர் எல்லாரும் நான்கு மொழியும் பேசுவார்கள் என்று நம்மில் பலர் நினைக்கிறோம், அதெல்லாம் இல்லை. மக்களில் ஏறக்குறைய 62 சதவீதம் ஜெர்மன், 23 சதவீதம் பிரெஞ்சு, 8 சதவீதம் இத்தாலி. ரொமான்ஷ் அரை சதவீதம்தான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான்கு மொழி என்பதே அவ்வளவு பழைய சங்கதி இல்லை. பழைய கூட்டமைப்பு 1798 வரை பெரும்பாலும் ஜெர்மன் பேசும் கன்டோன்களின், அதாவது மாநிலங்களின், கூட்டமைப்புதான். பிரெஞ்சு பேசும் வோ, இத்தாலி பேசும் டிச்சினோ, ரொமான்ஷ் பேசும் கிராபுண்டன் எல்லாம் 1803இல்தான் சம உரிமையுள்ள கன்டோன்களாகச் சேர்ந்தன. ஜெனீவாவும் நூஷாத்தலும் 1815இல். ஆகவே ரூசோவை 'சுவிஸ் எழுத்தாளர்' என்று பாடப்புத்தகத்தில் போடுவது பின்னால் வந்த உறவுமுறை. அவர் 1712இல் ஜெனீவாக் குடியரசில் பிறந்தவர். தன் நூல்களில் 'ஜெனீவாவின் குடிமகன்' என்று பெருமையாகப் போட்டுக்கொண்டார். அதே ஜெனீவா 1762இல் அவருடைய 'எமில்', 'சமூக ஒப்பந்தம்' இரண்டையும் தீயில் போட்டது.

பதினெட்டாம் நூற்றாண்டிலேயே மொழிச் சண்டை தொடங்கிவிட்டது. லைப்சிக்கில் கோட்ஷெட் என்ற பேராசிரியர் ஜெர்மன் இலக்கியத்துக்கு விதி வகுத்துக்கொண்டிருந்தார்: அளவு, ஒழுங்கு, பகுத்தறிவு. சூரிச்சிலிருந்து போட்மர், பிரைட்டிங்கர் என்ற இருவர் எதிர்த்து நின்றார்கள். கற்பனைக்கும் அதிசயத்துக்கும் கவிதையில் இடம் உண்டு என்பது அவர்கள் கட்சி. அதற்குச் சாட்சியாக மில்டனின் 'இழந்த சொர்க்கம்' காவியத்தைப் போட்மர் 1732இல் ஜெர்மன் உரைநடையில் கொண்டுவந்தார். அதே ஆண்டில் பெர்ன்காரரான ஹாலரின் 'ஆல்ப்ஸ்' என்ற நெடுங்கவிதை அச்சானது. அதுவரை பனிமலை என்றால் வழிமறிக்கும் சனியன். ஹாலருக்கும் ரூசோவுக்கும் பிறகுதான் அது பார்க்கப் போகும் இடமானது. இன்றைய சுற்றுலாத் தொழில் இந்த இரண்டு பேருக்கும் கடன்பட்டிருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மன் பக்கம் மூன்று பெரிய பெயர்கள். எமன்டால் பள்ளத்தாக்கில் போதகராக இருந்த கோட்ஹெல்ஃப், பெர்ன் வட்டார வழக்கை இலக்கிய ஜெர்மனோடு அஞ்சாமல் கலந்து எழுதினார். அவருடைய 'கருஞ்சிலந்தி' 1842இல் வந்தது. இன்றைக்குப் படித்தாலும் இரவில் கொஞ்சம் தூக்கம் கெடும். சூரிச்சின் கெல்லர் 15 ஆண்டுகள் கன்டோன் அரசின் தலைமைச் செயலர் வேலை பார்த்த நாவலாசிரியர். இவரிடம் 'சுவிஸ் தேசிய இலக்கியம்' என்று பேச்செடுத்தால் கோபம் வரும். அரசியலில் நான் சுவிஸ், எழுத்தில் ஜெர்மன் என்பது அவர் நிலைப்பாடு. மூன்றாமவர் கான்ராட் ஃபெர்டினாண்ட் மையர், பிரெஞ்சா ஜெர்மனா என்று வெகுநாள் தத்தளித்தவர். 1870ஆம் ஆண்டுப் போரில் பிரான்ஸ் தோற்ற காலத்தில்தான் ஜெர்மன் என்று உறுதியாக முடிவெடுத்தார். ஸ்பீரியின் 'ஹைடி' 1880இல் வந்து உலகம் சுற்றியது, எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் நாட்டின் தலையாய கதையான வில்லியம் டெல்லை 1804இல் நாடகமாக்கியது ஷில்லர் என்ற ஜெர்மன்காரர். அவர் சுவிட்சர்லாந்தில் காலே வைத்ததில்லை!

சரி, முதுகோடு முதுகாக இருந்தவர்கள் முதன்முதலில் திரும்பிப் பார்க்க வேண்டிவந்தது 1914இல். போர் மூண்டதும் ஜெர்மன் பேசும் சுவிஸ்காரர்கள் ஜெர்மனி பக்கமும், பிரெஞ்சு பேசுபவர்கள் பிரான்ஸ் பக்கமும் சாய்ந்தார்கள். நாடு நடுவில் கிழியும்போல இருந்தது. அந்த டிசம்பர் 14ஆம் தேதி கார்ல் ஸ்பிட்டலர் என்ற கவிஞர் சூரிச்சில் ஓர் உரை நிகழ்த்தினார். அவர் எழுதியது ஜெர்மனில், வாசகர்களும் பெரும்பாலும் ஜெர்மனியில்தான். அப்படியும் அவர் சொன்னதன் சாரம் இது: எல்லைக்கு அப்பால் இருப்பவர் நம் மொழி பேசினாலும் பக்கத்து வீட்டுக்காரர்தான், எல்லைக்கு உள்ளே வேறு மொழி பேசுபவர் நம் உடன்பிறப்பு. ஜெர்மனியில் அவரைத் துரோகி என்று திட்டினார்கள், வாசகர்கள் கைவிட்டார்கள். 1919ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது, ஒரு காவியத்துக்காக. காவியத்தை இன்று அதிகம் பேர் தொடுவதில்லை. உரை மட்டும் நிற்கிறது.

இந்த இடத்தில் 1878இல் பிறந்த இரண்டு பேரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அவர்களைப் பற்றித்தான் நான் கூடுதலாகச் சொல்ல விரும்புகிறேன்.

ஒருவர் ரமூஸ். வோ கன்டோனைச் சேர்ந்தவர். பத்தாண்டுக்கு மேல் பாரிஸில் இருந்து பார்த்துவிட்டு 1914இல் லோசான் பக்கம் திரும்பி வந்து, தன் ஊர்த் திராட்சைத் தோட்டக்காரர்களும் மலை மேய்ப்பர்களும் பேசும் பிரெஞ்சில் நாவல் எழுதினார். வாக்கியம் தடுக்கும், திரும்பும், காலம் மாறும். ரமூஸ் வேண்டுமென்றே மோசமாக எழுதுகிறார் என்று பாரிஸ் விமர்சகர்கள் சொன்னார்கள். 1929இல் தன் பதிப்பாளர் கிராஸேவுக்கு ஒரு பகிரங்கக் கடிதமாக அவர் பதில் எழுதினார். எங்களுக்கு இரண்டு மொழி இருந்தது என்கிறார்: ஒன்று 'நல்ல' மொழி, அது எங்களுடையது இல்லை என்பதால் அதை மோசமாகக் கையாண்டோம், இன்னொன்று பிழை மலிந்ததாம், அது எங்களுடையது என்பதால் அதை நன்றாகக் கையாண்டோம். பள்ளிக்கூடத்தில் பிழை திருத்தப்பட்டு வளர்ந்த யாருக்கும் இது சுருக்கென்று தைக்கும். ஆனால் ரமூஸ் சுவிஸ் ஒற்றுமைக் கொடி பிடித்தவரும் இல்லை. நமக்குள் பொதுவாக இருப்பது தபால் பெட்டியும் ராணுவச் சீருடையும்தான் என்ற தொனியில் 1937இல் எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டார். பின்னாளில் அவர் முகத்தையே 200 ஃபிராங்க் நோட்டில் அச்சடித்தார்கள். தபால் பெட்டி, சீருடையோடு மூன்றாவதாக அதையும் சேர்த்திருப்பார்.

மற்றவர் ராபர்ட் வால்சர். பிறந்த ஊர் பீல், ஜெர்மனும் பிரெஞ்சும் ஒரே தெருவில் புழங்கும் ஊர். வங்கி எழுத்தர், வேலைக்காரன் என்று பல வேலை பார்த்தார். பெர்லினில் இருந்தபோது மூன்று நாவல்கள் வெளிவந்தன; காஃப்கா அவரை ரசித்துப் படித்தார். ஆனால் பெயரும் பணமும் நிலைக்கவில்லை. ஊர் திரும்பினார். பேனா பிடித்தால் கை ஒத்துழைக்கவில்லை என்று பென்சிலுக்கு மாறினார். எழுத்து சுருங்கிக்கொண்டே போய் ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் உயரத்துக்கு வந்துவிட்டது. நாள்காட்டித் தாள், கடித உறை, கைக்கு வந்த துண்டுக் காகிதம், எல்லாவற்றிலும் எறும்பு ஊர்ந்த மாதிரி வரிகள். இப்படி 526 தாள்கள். அவர் இறந்த பிறகு இதைப் பார்த்தவர்கள் ரகசியச் சங்கேதம் என்று நினைத்தார்கள். கடைசியில் பார்த்தால் பழைய ஜெர்மன் கையெழுத்துதான், அளவு மட்டும் பொடி. இரண்டு ஆய்வாளர்கள் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்து ஆண்டுக்கணக்கில் பிரித்துப் படித்தார்கள். ஆறு தொகுதிகளாக வந்து முடிய 2000ஆம் ஆண்டு ஆனது. வெறும் 24 தாளில் ஒரு முழு நாவல் ஒளிந்திருந்தது. வால்சர் கடைசி 23 ஆண்டுகளை ஹெரிசாவ் மனநலக் காப்பகத்தில் கழித்தார். 1956 கிறிஸ்துமஸ் அன்று நடைபோனவர் பனியில் விழுந்து இறந்து கிடந்தார்.

மொழிக்கு மொழி பாலம் என்று மேடையில் பேசுவார்கள். நான் பார்த்த நிஜமான பாலம் ஒன்று இந்த மரணத்திலிருந்துதான் போகிறது. சூரிச்சில் பிறந்து மிலானில் வாழ்ந்து இத்தாலியில் எழுதும் ஃப்ளூர் யெகி, 1989இல் விடுதிப்பள்ளி பற்றிய ஒரு சிறு நாவலை வெளியிட்டார். கதை நடப்பது ஜெர்மன் பேசும் அப்பன்செல் பகுதியில். முதல் பக்கத்திலேயே வால்சர் வருகிறார்: இங்கேதான் அவர் நடந்தார், இங்கேதான் பனியில் செத்தார், எங்களுக்கோ அப்படி ஓர் எழுத்தாளர் இருந்ததே தெரியாது. ஜெர்மனில் எழுதியவரின் காலடித் தடம் இத்தாலி வாக்கியத்துக்குள் வந்து நிற்கிறது.

இத்தாலி பக்கத்தை இதற்கு மேல் நீட்டப் போவதில்லை. பெல்லின்சோனாவில் ஆசிரியராக இருந்த கவிஞர் ஜோர்ஜோ ஒரெல்லி, பவோனா பள்ளத்தாக்கின் வறுமையையும் கலிஃபோர்னியாவுக்குப் பிழைக்கப் போனவர்களையும் 1970இல் நாவலாக்கிய ப்ளீனியோ மார்த்தினி, இந்த இருவரையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரொமான்ஷ் கதை தனி. இதற்கு வெளியே பாரிஸும் இல்லை, பெர்லினும் இல்லை. எது சரி என்று சொல்ல வேலிக்கு அந்தப் பக்கம் ஆள் இல்லாததால் சண்டை வேலிக்குள்ளேயே நடந்தது. மலைப் பள்ளத்தாக்குகளில் ஐந்து எழுத்து வழக்குகள். கத்தோலிக்கப் பக்கம் ஒன்று, புராட்டஸ்டண்ட் பக்கம் ஒன்று என்று எழுத்துக்கூட்டலே வேறு. 1560இல் பிஃப்ருன் என்ற வழக்கறிஞர் புதிய ஏற்பாட்டை எங்காடின் பகுதி வழக்கில் அச்சிட்டார். அங்கிருந்து இந்த மொழி புத்தகம் ஏறியது. ரொமான்ஷ் வெறும் இத்தாலியக் கிளைமொழி என்று முசோலினி காலத்து இத்தாலியில் ஒரு குரல் எழுந்தது. அதற்கு சுவிஸ் மக்கள் 1938 பிப்ரவரியில் வாக்குச் சாவடியில் பதில் சொன்னார்கள்: 90 சதவீதத்துக்கும் மேல் ஆதரவோடு ரொமான்ஷ் நான்காவது தேசிய மொழியானது. வாக்குப் போட்டவர்களில் பெரும்பாலோருக்கு அதில் ஒரு வாக்கியம் கூடப் பேச வராது. 1945இல் செலினா ஷோன்ஸ் எழுதி காரிஜியே படம் வரைந்த 'ஊர்சின்' வந்தது. மார்ச் முதல் தேதி மணியடித்துக் குளிர்காலத்தை விரட்டும் விழாவுக்குப் பெரிய மணி வேண்டும் என்று பனிக்குள் ஏறிப் போகும் பொடியனின் கதை. சுவிஸ் பிள்ளைகள் எல்லா மொழியிலும் அதைப் படித்து வளர்கிறார்கள். 1982இல் ஐந்து வழக்குக்கும் பொதுவாக ஒரு எழுத்து மொழியை உண்டாக்கினார்கள். அலுவலகத்துக்கு உதவியது, இலக்கியக்காரர்கள் பலர் அதைத் தொடவே மறுத்தார்கள். பாட்டி பேசாத மொழியில் கவிதை எப்படி வரும்? ஆர்னோ கமேனிஷ் 2009இல் ஓர் ஆல்ப்ஸ் மேய்ச்சல் காட்டைப் பற்றிய முதல் நாவலை ரொமான்ஷிலும் ஜெர்மனிலும் எதிரெதிர்ப் பக்கங்களில் வெளியிட்டார்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்த நாடகாசிரியர்கள் ஃபிரிஷ், டூரன்மாட் இரண்டு பேரையும் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். ஒரு காரணத்தை மட்டும் சேர்க்கிறேன். நாஜிகளிடமிருந்து தப்பி வந்த நடிகர்கள் சூரிச் நாடக அரங்கில் தஞ்சம் புகுந்தார்கள். ஜெர்மன் நாடகாசிரியர் பிரெஷ்ட்டின் 'துணிச்சல் தாயும் அவள் பிள்ளைகளும்' நாடகம் 1941இல் முதன்முதலில் மேடையேறியது அங்கேதான். அந்த நடிகர்களும் மேடையும் தயாராக இருந்ததால்தான் இந்த இருவருக்கும் ஊரிலேயே உலகத்தரமான அரங்கு கிடைத்தது. 1956இல் டூரன்மாட்டின் 'மூதாட்டியின் வருகை' நாடகத்தின் கோடீஸ்வரக் கிழவியாக நடித்த தெரேஸே கீசே அப்படி வந்தவர்.

நான்கு மொழிக்காரர்களும் ஒன்றாக உட்காராதது பற்றிச் சொன்னேன் அல்லவா? ஒன்றாக உட்கார்ந்ததும் ஒரு சண்டையில்தான். 1969இல் அரசு சிவப்பு அட்டை போட்ட ஒரு குடிமைப் பாதுகாப்புக் கையேட்டை நாட்டின் எல்லா வீட்டுக்கும் அனுப்பியது. அறிவுஜீவிகளும் இடதுசாரிகளும் உள்ளிருக்கும் எதிரிகள் என்பது மாதிரி அதில் இருந்தது. அதன் பிரெஞ்சு வடிவத்தைத் தயாரித்தவர் எழுத்தாளர் சங்கத்தின் தலைவர்! 1970இல் 22 எழுத்தாளர்கள் சங்கத்தை விட்டு வெளியேறினார்கள், ஃபிரிஷ், டூரன்மாட், பிக்சல் உட்பட. புதிய குழு எங்கே கூடுவது? எல்லா ஊரிலிருந்தும் ரயில் வந்து சேரும் ஓல்டன் சந்திப்பில், நிலையத்து உணவகத்தில். பெயரும் 'ஓல்டன் குழு' ஆகிவிட்டது. கொள்கையை விட ரயில் அட்டவணை ஒற்றுமையாக்கிய இலக்கிய அமைப்பு வேறு எங்காவது இருக்கிறதா என்று தெரியவில்லை. 2002 வரை நீடித்து, பிறகு பழைய சங்கத்தோடு இணைந்தது.

அப்புறம் மொழிபெயர்ப்பு. 1974 முதல் ஒரு மொழிப் பகுதி எழுத்தாளரின் நூலை மற்ற தேசிய மொழிகளுக்குக் கொண்டுபோக கன்டோன்கள் பணம் போடும் ஒரு நூல்வரிசை நடக்கிறது. சந்தையை நம்பியிருந்தால் லோசான் கவிஞரை சூரிச்சில் யாரும் படித்திருக்க மாட்டார்கள். பெர்னில் உள்ள இலக்கிய ஆவணக் காப்பகமும் டூரன்மாட் வைத்த நிபந்தனையால் வந்தது: அப்படி ஒன்றைத் தொடங்கினால் என் கையெழுத்துப் பிரதிகள் உங்களுக்கு என்றார். 1990 டிசம்பரில் அவர் இறந்தார், மறு ஆண்டு காப்பகம் திறந்தது.

டூரன்மாட் 1952 முதல் சாகும்வரை வாழ்ந்தது பிரெஞ்சு பேசும் நூஷாத்தலில், எழுதியது ஜெர்மனில். அதே ஊருக்கு 1956இல் ஹங்கேரியிலிருந்து கைக்குழந்தையோடு தப்பி வந்தார் அகோத்தா கிறிஸ்தோஃப், வயது 21. கடிகாரத் தொழிற்சாலையில் வேலை. இயந்திரத்தின் தாளத்துக்கு மனதில் கவிதை கட்டி, மேசை இழுப்பறையில் இருக்கும் தாளில் குறித்துக்கொள்வாராம். முப்பது ஆண்டு கழித்து, 1986இல், பாலர் வகுப்புக் கட்டுரை போன்ற மொட்டை வாக்கியங்களில் பிரெஞ்சு நாவல் ஒன்றை வெளியிட்டார். ஐரோப்பா திகைத்தது. பிரெஞ்சை அவர் 'எதிரி மொழி' என்றே சொன்னார், தன் தாய்மொழியைக் கொன்றுகொண்டிருப்பதால்.

ஜெர்மன் பகுதியில் இன்னொரு முடிச்சு உண்டு. அங்கே யாரும் வீட்டில் எழுத்து ஜெர்மன் பேசுவதில்லை. பேராசிரியரும் மந்திரியும் கூடக் கிளைமொழிதான். வீட்டுத் தமிழ் வேறு, எழுத்துத் தமிழ் வேறு என்று வாழும் நமக்கு இது சட்டென்று புரியும், ஆனால் நம் எழுத்து வழக்கு பக்கத்து நாட்டாருடையது இல்லை. 1967இல் குர்ட் மார்ட்டி என்ற போதகர் பெர்ன் பேச்சுமொழியில் நவீன கவிதை எழுதினார். மாநகராட்சியில் சட்ட ஆலோசகராக இருந்த மானி மாட்டர் அதே மொழியில் பாட்டுக் கட்டிப் பாடினார். பெட்ரோ லென்ஸ் 2010இல் ஒரு முழு நாவலையே பெர்ன் பேச்சில் எழுத, அது நன்றாக விற்றது. மோர்கனெஸ்ஸன் கட்சி ஜெயித்துவிட்டது என்று சொல்லலாம்.

நமக்கு நேரடித் தொடர்பும் உண்டு. 1980களிலிருந்து பல்லாயிரம் ஈழத்தமிழர் அங்கே குடியேறினார்கள். மார்ட்டின் சூட்டரின் 2010ஆம் ஆண்டு நாவலின் நாயகன் மாறவன் என்ற ஈழத்தமிழ் அகதி, சூரிச் உணவகத்தில் எடுபிடி, வீட்டில் அசாத்தியச் சமையல்காரன். விறுவிறுப்பாகப் போகும் வணிக நாவல்தான், ஆனாலும் ஜெர்மன் வாசகர்கள் கறிவேப்பிலையை முகர்ந்தார்கள். இன்னொரு பக்கம், சுவிட்சர்லாந்தில் வாழும் சயந்தன் 'ஆறா வடு', 'ஆதிரை' நாவல்களைத் தமிழில் எழுதினார். கிறிஸ்தோஃப் பிரெஞ்சுக்கு மாறியதால் சுவிஸ் இலக்கிய வரலாற்றில் அத்தியாயம் பெற்றார். நான்கு மொழிக்கு வெளியே எழுதுபவருக்கு அந்த வரலாற்றில் இன்னும் நாற்காலி போடவில்லை.

எங்கே தொடங்குவது? ஆங்கிலத்தில் எளிதாகக் கிடைப்பவற்றையே சொல்கிறேன். முதலில் 'மூதாட்டியின் வருகை', ஒரு மாலையில் முடித்துவிடலாம். அடுத்து வால்சரின் சின்னச் சின்ன உரைநடைகள், தினம் ஒன்று. பிறகு கிறிஸ்தோஃப், யெகி இருவருடைய ஒல்லி நாவல்கள். பயணம் பிடிக்குமென்றால் ஜெனீவாக்காரர் நிக்கோலா பூவியே. 1950களில் ஒரு சின்ன ஃபியட் காரில் கிழக்கே கிளம்பியவர், இலங்கையின் காலி நகரில் காய்ச்சலோடு தனியே கிடந்த மாதங்களையும் பின்னால் புத்தகமாக்கினார், இலங்கை தெரிந்தவர்களுக்கு அது வேறுமாதிரி இருக்கும். ஸ்பிட்டலரின் நோபல் காவியத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். நான் இரண்டு தடவை தொடங்கி, இரண்டு தடவையும் பாதியில் மூடியவன்.